பருப்பு வேகும் நேரமும் பரீட்சைப் படிப்பும்

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மகள் கிரேடு 8. இந்த ஆண்டு எக்ஸ்போ என்னும் மாணவர் அறிவியல் போட்டிக்கு எல்லோரும் ஓர் அறிவியல் ப்ராஜெக்ட் செய்தே ஆக வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். இணையத்தில் தேடினால் எரிமலை, எலுமிச்சை பேட்டரி, சூரிய அடுப்பு என்றுதான் வருகிறது, பரிசு வாங்குகிற மாதிரி ஒரு தலைப்பு சொல்லுங்கள் என்கிறீர்கள். கடைசியில் இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்கள்: ஈஸ்டர் விடுமுறையும் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் நாத்தனார் வீட்டில் கழிந்துவிடும், ஜூன் பரீட்சை வேறு வருகிறது, ராத்திரி பத்து மணி வரை படிக்கிறாள், படித்தது எதுவும் நிற்க மாட்டேன் என்கிறது. எனக்கு அந்த இரண்டு வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. ப்ராஜெக்ட் செய்தால் படிப்பு கெடுமா, கெடாமல் இரண்டையும் ஒரு பிள்ளை எப்படிச் செய்வது என்பதுதானே உங்கள் கவலை? தலைப்பைப் பற்றியும் சொல்கிறேன், ஆனால் பதில் அங்கே போய்த்தான் முடியும்.

நான் இங்கே டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் இருபது வருடங்களுக்கு மேல் அறிவியல் பாடம் நடத்தியவன். வட்டார எக்ஸ்போவில் பல ஆண்டுகள் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். அதனால் ப்ராஜெக்ட் பற்றி நான் சொல்வது கைப்பழக்கத்தில் வந்தது. படிப்பு முறைகளைப் பற்றிச் சொல்வது பாதி ஆராய்ச்சிகளைப் படித்தது, பாதி வகுப்பில் பார்த்தது. நான் உளவியல் படித்தவன் அல்ல. எது ஆராய்ச்சி, எது என் அனுபவம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு வித்தியாசம். செய்து காட்டுவது வேறு, கேள்வி கேட்டுக் கண்டுபிடிப்பது வேறு. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்கிறதே, அதை ஒரு பிள்ளை மேசையில் செய்து காட்டினால் பார்க்க அழகாக இருக்கும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் சுண்ணாம்பு போன்ற காரப் பொருளோடு (அமிலத்துக்கு எதிரானது) சேர்ந்தால் சிவப்பாகும் என்று காரணமும் சொல்லலாம். ஆனால் அங்கே எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை, முடிவு முன்பே தெரியும். அதே மஞ்சளை எடுத்து, "மஞ்சள் தாள் செய்து வைத்தால் எத்தனை நாள் வரை காரத்தைக் காட்டும்? வெயிலில் வைத்தால் சீக்கிரம் கெடுமா, இருட்டில் வைத்தால் நிற்குமா?" என்று கேட்டால் அது ஆய்வு. அளக்க வேண்டியிருக்கிறது, காத்திருக்க வேண்டியிருக்கிறது, விடை என்னவென்று அவளுக்கு முன்கூட்டித் தெரியாது. எரிமலைக்கு எக்ஸ்போவில் மதிப்பெண் வராததற்குக் காரணம் அது பழசு என்பதல்ல, அதில் கேள்வி இல்லை என்பதுதான்.

கேள்வி பக்கத்திலிருந்து வந்தால் நல்லது. 2016ல் ஜோகன்னஸ்பர்க்கைச் சேர்ந்த கியாரா நிர்கின் என்ற 16 வயது மாணவி கூகுள் அறிவியல் போட்டியின் முதல் பரிசை வென்றது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆரஞ்சுத் தோலையும் அவகாடோ தோலையும் வைத்து, மண்ணில் நீரைப் பிடித்து வைக்கும் ஒரு பொருளைச் செய்தார். அந்தச் சமயம் நாடே கடும் வறட்சியில் இருந்தது. கண்ணெதிரே இருந்த கஷ்டத்தைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். உங்கள் மகளை அவரோடு ஒப்பிடச் சொல்லவில்லை, தயவுசெய்து ஒப்பிடாதீர்கள். எங்கே தேட வேண்டும் என்பதைக் காட்டத்தான் சொன்னேன்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். லெனேசியாவுக்குப் போவதால் ஒரு வாரம் வீணாகும் என்கிறீர்கள். எனக்கென்னவோ அந்தப் பயணம்தான் உங்கள் ப்ராஜெக்ட் என்று தோன்றுகிறது. நாம் இருப்பது கடலோரம், இங்கே தண்ணீர் 100 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். ஜோகன்னஸ்பர்க் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கொதிக்க ஆரம்பித்த பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பானையில் அதற்கு மேல் சூடு ஏறாது. அப்படியென்றால், குக்கர் இல்லாமல் வேகவைத்தால் ஒரே துவரம் பருப்பு உங்கள் வீட்டில் வேகும் நேரமும் நாத்தனார் வீட்டில் வேகும் நேரமும் ஒன்றாக இருக்குமா? வேதிவினைகள் 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறையப் பாதி வேகத்தில் நடக்கும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அந்தக் கணக்குப்படி 6 டிகிரிக்கு நேரம் ஒன்றரை மடங்கு ஆக வேண்டும். பருப்பு அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுமா என்பது உங்கள் மகள் அளந்து சொல்ல வேண்டிய விஷயம். அவளுடைய கருதுகோள் எண்ணாகவே கையில் இருக்கிறது, அதுவே பெரிய பலம்.

செய்முறை எளிது போலத் தோன்றும், ஆனால் யோசிக்க வேண்டியது நிறைய. பருப்பு ஒரே பாக்கெட்டிலிருந்து வர வேண்டும், ஏனென்றால் பழைய பருப்பு வேக நேரமாகும். தண்ணீரில் சுண்ணாம்புச்சத்து கூடினாலும் பருப்பு சீக்கிரம் மசியாது. ஆகவே குழாய்த் தண்ணீர் வேண்டாம், இரண்டு ஊரிலும் ஒரே வகைப் பாட்டில் தண்ணீர் பயன்படுத்தட்டும். பானை ஒன்றே, அதை வண்டியில் எடுத்துப் போங்கள். 50 கிராம் பருப்பு, 1 லிட்டர் தண்ணீர், உப்பு கிடையாது, ஊறவைப்பதும் கிடையாது. தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு பருப்பைப் போட்டு, அந்த நிமிடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெந்துவிட்டதா என்பதை விரலால் நசுக்கிப் பார்ப்பது நம் அடுப்படிக்குப் போதும், ஆய்வுக்குப் போதாது. இன்று அழுத்திய அழுத்தம் நாளைக்கு இருக்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பத்துப் பருப்பை எடுத்துத் தட்டில் பரப்பி, அவற்றின் மேல் அரை கிலோ எடையுள்ள ஒரு தட்டையான பொருளை மெதுவாக வைத்து எடுத்து, எத்தனை மசிந்தன என்று எண்ணட்டும். பத்தில் ஒன்பது மசிந்த நேரம்தான் வெந்த நேரம் என்று முதலிலேயே முடிவு செய்து எழுதி வைத்துவிட வேண்டும். பிறகு மாற்றக் கூடாது. இங்கே மூன்று முறை, அங்கே மூன்று முறை. ஒரு முறை செய்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது, மூன்றும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதில்தான் நம்பிக்கை வரும்.

வெப்பமானி ஒன்று தேவை. நான் நடுவராக இருந்தால் முதல் கேள்வியே, "இந்த வெப்பமானி சரியாகக் காட்டுகிறது என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்பதாகத்தான் இருக்கும். பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த கோப்பையில் வைத்துப் பார்த்தால் 0 காட்ட வேண்டும். 1 காட்டினால் பரவாயில்லை, 1 காட்டியது என்று எழுதி வைத்தால் போதும். அந்த ஒரு வரியை எழுதுகிற பிள்ளை நடுவர் மனதில் வேறு இடத்துக்குப் போய்விடும்.

ஒரு பையனைச் சொல்கிறேன். மின்வெட்டு மோசமாக இருந்த 2022ஆம் ஆண்டு, எந்த மெழுகுவர்த்தி அதிக நேரம் எரியும் என்று ஆய்வு செய்து வந்திருந்தான். நான்கு வகை வாங்கி ஒவ்வொன்றாகக் கொளுத்தியிருக்கிறான். ஒரே வகை மெழுகுவர்த்தி ஒரு நாள் மூன்று மணி நேரமும் இன்னொரு நாள் இரண்டு மணி நேரமும் எரிந்திருக்கிறது. முதலில் தன் கணக்குதான் தப்பு என்று நினைத்திருக்கிறான். பிறகு யோசித்துப் பார்த்தால், இரண்டாம் நாள் ஜன்னல் திறந்திருந்தது. எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு, குளியலறையில் கதவைச் சாத்தி, முழுதும் மறுபடி செய்தான். ஆய்வை விளக்கி நிறுத்தும் அவன் போர்டில் எழுத்துகள் கோணலாக இருந்தன, வரைபடத்தைப் பென்சிலில் போட்டிருந்தான். ஆனால் பழைய அட்டவணையைக் கிழிக்காமல் கோப்பிலேயே வைத்து, "இது ஏன் செல்லாது" என்று அரைப் பக்கம் எழுதியிருந்தான். நாங்கள் மூன்று நடுவர்களும் அந்த அரைப் பக்கத்தைத்தான் அதிக நேரம் பேசினோம். அதே நாளில் அச்சுக்கடையில் அடித்த பெரிய போர்டோடு ஒரு பிள்ளை வந்திருந்தது. "சராசரி எப்படி எடுத்தாய்?" என்றதும் அப்பாவைத் தேடியது. எனக்கு அந்தப் பிள்ளை மேல் கோபமே வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

அதனால் உங்கள் பங்கு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொதிக்கும் பானைப் பக்கம் நீங்கள் நிற்க வேண்டும், அது கட்டாயம். பருப்பு, தண்ணீர், தராசு எல்லாம் வாங்கித் தரலாம். தமிழிலோ ஆங்கிலத்திலோ அவள் எழுதியதைப் படித்துவிட்டு, "எனக்கு இந்த இடம் புரியவில்லை" என்று சொல்லலாம். பேனாவைக் கையில் எடுக்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, தேதி போட்டு, நடந்ததை அன்றன்றைக்கே எழுதச் சொல்லுங்கள். பின்னால் அழகாகப் படி எடுத்த நோட்டு வேண்டாம், பருப்புக் கறை பட்ட நோட்டே போதும்.

விதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பள்ளியில் தருகிற படிவங்களில் எல்லாம் இருக்கும். மனிதர்களிடம் கேள்வி கேட்டோ சுவைக்கச் சொல்லியோ தகவல் திரட்டினால் தொடங்கும் முன்பே எழுத்துமூலம் ஒப்புதல் வாங்க வேண்டும். விலங்குகளுக்கும் அப்படித்தான், முன் அனுமதி இல்லாமல் ஆகாது. கதவுப் பிடியில் பாக்டீரியா எடுத்து வீட்டில் வளர்ப்பது போன்றவற்றை நினைக்கவே வேண்டாம், அது ஆய்வகத்தில், தெரிந்தவர் மேற்பார்வையில் செய்ய வேண்டியது. ஆய்வுத் திட்டத்தைச் சோதனைக்கு முன்னால் எழுத வேண்டும், முடிந்த பிறகு எழுதிச் சேர்க்கக் கூடாது. பருப்புக்கு இந்தத் தொல்லைகள் பெரிதாக இல்லை என்பது இன்னொரு வசதி.

காலத்தை இப்படிப் பிரிக்கலாம். இப்போது பிப்ரவரி. இந்த மாதம் கேள்வியும் திட்டமும். மார்ச்சில் ஒரு சனிக்கிழமை ஒத்திகை மாதிரி ஒருமுறை வேகவைத்துப் பார்த்து, எது சொதப்புகிறது என்று கண்டுகொள்ளட்டும். கட்டாயம் ஏதாவது சொதப்பும். அதன் பிறகு இங்கே மூன்று முறை, ஈஸ்டரில் அங்கே மூன்று முறை. ஏப்ரல் கடைசிக்குள் எண்கள் எல்லாம் கையில் வந்துவிடும். மே நடுவிலிருந்து ஜூன் பரீட்சை முடியும் வரை ப்ராஜெக்ட் நோட்டைத் தொடவே வேண்டாம். பரீட்சை முடிந்த கையோடு போர்டு. வட்டாரப் போட்டிகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில்தான் வரும், பள்ளியில் சொல்லும் தேதியைப் பார்த்து இதைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளுங்கள். கூட்டிப் பார்த்தால் மொத்தமே ஏழெட்டுச் சனிக்கிழமைதான். படிப்பைத் தின்பது ப்ராஜெக்ட் அல்ல, கடைசி இரண்டு வாரத்தில் முழுதையும் செய்ய முயல்வதுதான்.

இனி அந்தப் பத்து மணிப் படிப்பு. என்ன செய்கிறாள் அந்த நேரத்தில் என்று நீங்கள் எழுதவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் சொல்வதானால், புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள், வண்ணப் பேனாவால் கோடு போடுகிறாள், அல்லது புத்தகத்தைப் பார்த்து நோட்டில் எழுதுகிறாள். இதில் ஆராய்ச்சி ரொம்பத் தெளிவாக இருக்கிறது. 2006ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பாடத்தை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நிலைமை தலைகீழ். படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். உங்கள் மகளின் புகார் இதுதானே? ராத்திரி எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது, பரீட்சையில் வரவில்லை. ராத்திரி தெரிந்தது பொய்யல்ல. ஐந்து நிமிடத்துக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அதை இன்னும் அகலமாகப் பார்த்தது 2013ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு. டன்லாஸ்கி என்பவரும் உடன் இருந்தவர்களும் மாணவர்கள் பயன்படுத்தும் பத்து முறைகளை எடுத்து, எதற்கு எவ்வளவு சான்று இருக்கிறது என்று எடை போட்டார்கள். இரண்டுக்குத்தான் உயர்ந்த இடம் கிடைத்தது: தன்னைத் தானே சோதித்துப் பார்ப்பது, இடைவெளி விட்டுப் பல நாட்களில் படிப்பது. கோடு போடுவதும் திரும்பப் படிப்பதும் கீழ் வரிசைக்குப் போயின.

நம் வீடுகளில் இது புதிதல்ல என்று எனக்குத் தோன்றும். "புத்தகத்தை மூடிட்டு ஒப்பி" என்பார் என் தாத்தா. மூடிவிட்டு என்பதுதான் அதில் முக்கியம். நாளடைவில் நாம் ஒப்பிப்பதை வைத்துக்கொண்டு மூடுவதை விட்டுவிட்டோம், பிள்ளைகள் திறந்த புத்தகத்தைப் பார்த்தே முணுமுணுக்கிறார்கள். ஆனால் வார்த்தைக்கு வார்த்தை ஒப்பித்தால் மட்டும் அறிவியலுக்குப் போதாது. ஒளிச்சேர்க்கையின் வரையறையைத் தப்பில்லாமல் சொல்கிற பிள்ளை, இருட்டு அலமாரியில் வைத்த செடி ஏன் வெளுத்தது என்று கேட்டால் முழிக்கும். ஒப்பித்த பிறகு "ஏன்", "இல்லாவிட்டால் என்ன ஆகும்" என்ற இரண்டு கேள்விகளைத் தனக்குத்தானே போட்டுக்கொள்ள வேண்டும்.

ப்ராஜெக்ட்டும் படிப்பும் ஒன்று என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான். பருப்பு 40 நிமிடத்தில் வேகும் என்று நினைக்கிறாள், எழுதி வைக்கிறாள், அளக்கிறாள், 55 ஆகிறது. எங்கே தப்பினோம் என்று பார்க்கிறாள். பாடத்திலும் அதே வேலைதான்: எனக்கு இது தெரியும் என்று நினைக்கிறாள், வெள்ளைத் தாளில் எழுதிப் பார்க்கிறாள், பாதிதான் வருகிறது, புத்தகத்தைத் திறந்து விடுபட்டதை மட்டும் படிக்கிறாள். தான் நினைத்தது தப்பாகப் போனால் அழாமல் அடுத்த படிக்குப் போகிற பழக்கம் பருப்பில் வந்தால் வரலாற்றுப் பாடத்திலும் வரும். இது ஆராய்ச்சி சொன்னதல்ல, நான் பிள்ளைகளிடம் பார்த்தது. என் வகுப்பில் ப்ராஜெக்ட்டைத் தானே செய்த பிள்ளைகள் பரீட்சைத் தாளைத் திருப்பித் தரும்போது மதிப்பெண்ணுக்கு முன்னால் தப்பைப் பார்ப்பார்கள். முதலிலிருந்தே அப்படிப்பட்ட பிள்ளைகள்தான் ப்ராஜெக்ட்டைத் தானே செய்தார்களா, ப்ராஜெக்ட் அவர்களை அப்படி ஆக்கியதா என்பதை வகுப்பில் நின்று பிரித்துச் சொல்ல முடியாது.

நடைமுறையில் இப்படி ஆரம்பிக்கலாம். ஒரு பாடத்துக்கு இருபத்தைந்து நிமிடம். முதல் பத்து நிமிடம் படிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடி வெள்ளைத் தாளில் நினைவில் உள்ளதை எழுதட்டும், படம் இருந்தால் படமாகவே. கடைசி ஐந்து நிமிடம் ஒப்பிட்டு, விட்டதைச் சிவப்பில் குறிக்கட்டும். அதே பாடத்தை இரண்டு நாள் கழித்து, தாளிலிருந்தே ஆரம்பிக்கட்டும், புத்தகத்திலிருந்து அல்ல. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. முதல் வாரம் அவளுக்கு எரிச்சலாக இருக்கும். முன்பைவிடக் குறைவாகத் தெரிகிற மாதிரி தோன்றும், ஏனென்றால் மறந்தது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. அந்த வாரத்தில் விட்டுவிடாமல் இருக்க உங்கள் துணை வேண்டும். ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். தூக்கம் நினைவை உறுதிப்படுத்துகிறது என்பதில் சந்தேகமில்லை, பத்து மணி வரை இழுத்துப் படித்த கடைசி அரை மணி நேரம் அநேகமாக நஷ்டக் கணக்குதான்.

சில விஷயங்களை உறுதியாகச் சொல்பவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். "இவள் பார்த்துக் கற்கிறவள், அவன் கேட்டுக் கற்கிறவன்" என்று பிரித்து, அதற்கேற்பக் கற்பித்தால் நன்றாக வரும் என்று நானே பெற்றோர் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். 2008ல் நான்கு உளவியலாளர்கள் அதற்கான சான்றுகளைத் தேடிப் பார்த்து, போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். அதைப் படித்த பிறகு நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். கையால் குறிப்பெடுப்பது லேப்டாப்பைவிட மேல் என்று 2014ல் ஓர் ஆய்வு வந்து பரபரப்பானது, பின்னால் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆகவே இதில் சண்டை போட வேண்டாம், அவளுக்கு எது வசதியோ அது.

இன்னொன்று என் அனுபவத்தை மட்டுமே வைத்துச் சொல்வது. பள்ளியில் எல்லாம் ஆங்கிலம், வீட்டில் நீங்கள் தமிழ் பேசுகிறீர்கள். இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கும் பல தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த வாய்ப்பே போய்விட்டது. படித்த பாடத்தை ராத்திரிச் சாப்பாட்டில் உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். காற்றழுத்தம் குறைந்தால் தண்ணீர் ஏன் சீக்கிரம் கொதிக்கிறது என்று ஆங்கிலத்தில் மனப்பாடமாகச் சொல்லிவிடலாம், தமிழில் சொல்ல அதைப் புரிந்துகொண்டே ஆக வேண்டும். வார்த்தை தெரியாத இடத்தில் ஆங்கிலம் கலக்கட்டும், தவறில்லை.

இவ்வளவும் செய்து இரண்டு மாதத்தில் எந்த மாற்றமும் இல்லை என்றால், முறையைக் குறை சொல்லாமல் கண் பரிசோதனை செய்யுங்கள், வாசிப்பதிலேயே தடுமாற்றம் இருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். எழுத்து வழியாக இதற்கு மேல் நான் கண்டுபிடிக்க முடியாது, பிள்ளையை நேரில் பார்க்கிறவர்தான் சொல்ல முடியும்.

நாளைக்குப் பருப்பு வைக்கும்போது குக்கரை விட்டுவிட்டுப் பானையில் வையுங்கள். அவளைப் பக்கத்தில் நிறுத்தி, கொதி வந்த பிறகு தீயைப் பாதியாகக் குறைத்தால், கொதி அடங்காமல் இருந்தால், பருப்பு வேக இன்னும் நேரமாகுமா என்று மட்டும் கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லாதீர்கள். அவள் என்ன சொன்னாள், அதை எப்படிச் சோதித்துப் பார்க்கலாம் என்றாள் என்பதை எழுதுங்கள். திட்டத்தின் முதல் பக்கத்தை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.